பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தப் பெட்டி?



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் எழுந்த கேள்வியையே இக்கட்டுரைக்குத் தலைப்பாக வைத்துள்ளோம். அதைக் கேட்டவர் ஒருவர் அல்லர். பால் ஊற்ற வந்த அண்ணன் கேட்டார். எதிர்வீட்டு மதினி கேட்டார். எங்களில் ஒருத்தியின் தாய்மாமா, காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலேயே கேட்டார். அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று தமிழம்மா வகுப்பில் அறிவித்ததும், அந்தப் பதிலையே எழுதிவிடுவது என்று நால்வரும் முடிவு செய்தோம்.

நாங்கள் நால்வரும் ஆனைக்குட்டத்திலிருந்து பேருந்தில் பள்ளிக்கு வருபவர்கள். அருச்சுனா நதியின் குறுக்கே அணை கட்டியிருக்கிறார்களே, அந்த ஆனைக்குட்டம்தான். அணையின் நீர் விருதுநகர் மக்களின் தாகம் தீர்க்கிறது. சுற்றிலும் பட்டாசு ஆபீசுகளும் தீப்பெட்டி ஆபீசுகளும் இருக்கின்றன. (வெளியூரிலிருந்து புதிதாக வரும் டீச்சர்கள் ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துக் கொள்கிறார்கள். இந்தப் பக்கம் ஆபீஸ் என்றால் ஆலைதான்.) எங்கள் நான்கு வீடுகளிலும் யாராவது ஒருவர் அவற்றில் வேலை பார்க்கிறார்.

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா மகன் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கிறார். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், பையிலிருந்து கறுப்பு நிறப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மளிகைக் கடைக் கணக்கு நோட்டைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். "பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும். லீவுல இத வச்சுப் பழகுங்க. ஜூன்ல வந்து எடுத்துக்கிறேன். கீழ மட்டும் போட்ராதீங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படித்தான் அந்தப் பெட்டி எங்கள் கைக்கு வந்தது.

அதற்குக் குரூவ்பாக்ஸ் என்று பெயர். 1996-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டு ரோலண்ட் நிறுவனம் எம்.சி.-303 என்னும் கருவியை வெளியிட்டபோது அதற்கு இட்ட பெயர் அது. இன்று எந்த நிறுவனம் செய்தாலும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள். தாளம் கொட்டும் இயந்திரம், சுரம் எழுப்பும் சிந்தசைசர், இவை இரண்டையும் நாம் சொன்ன வரிசையில் நினைவில் வைத்து ஓட்டும் சீக்வென்சர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடக்கம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிறிய பேட்டரி நான்கு போட்டால் சில மணி நேரம் ஓடும். மின்சாரம் போய்விட்டாலும் கவலையில்லை.

பெட்டியின் முகத்தில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஓட விட்டால் ஒரு சிறு விளக்கு இடமிருந்து வலமாக அவற்றின் மேல் தாவிச் செல்லும். 16-ஐத் தொட்டதும் மறுபடி 1-க்கு வந்துவிடும். எந்தப் பொத்தானை அழுத்தி வைக்கிறோமோ, விளக்கு அதைக் கடக்கும்போது ஓசை எழும். நிமிடத்துக்கு 120 அடி என்று வேகம் வைத்தால் 16 கட்டங்களும் சரியாக 2 வினாடியில் ஓடி முடியும். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் பெரிய முரசை வைத்தால் நடைபோடும் தாளம் கிடைக்கும். 5-லும் 13-லும் கைத்தட்டலைச் சேர்த்தால் அதுவே ஆட்டத் தாளமாகிவிடும். எங்கள் ஊர்க்காரருக்கு விளக்குவது மிக எளிது. சரவெடியில் திரி ஓடும் வழியில் ஒவ்வொரு வெடியாக வெடிக்கிறதல்லவா? அதேதான், வெடித்து முடிந்ததும் மறுபடி முதல் வெடிக்குத் திரும்பும் சரவெடி இது. (2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்த பின் எங்கள் வீடுகளில் வருமானம் இளைத்த கதையைச் சொன்னால் இந்த மலர் முழுவதும் போதாது.)

எங்கள் பெட்டியில் இத்தகைய வரிசைகள் நான்கை ஒரே நேரத்தில் ஓட விடலாம். சிவகாசி அச்சகங்களில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரு காலண்டர் படம் உருவாகிறது. அதுபோல ஒன்றில் முரசு, ஒன்றில் கனத்த தந்தி ஒலி, ஒன்றில் மெட்டு, ஒன்றில் நாங்களே பதிந்த ஓசைகள் என்று வைத்துக் கொண்டோம். அரிசி போட்டுக் குலுக்கிய காலித் தீப்பெட்டி, குழாயடியில் குடம் மோதும் சத்தம், அணைப் பக்கம் கேட்ட தண்ணீர்ச் சலசலப்பு ஆகியவற்றை அண்ணனின் பழைய செல்போனில் பதிந்து, நினைவு அட்டை வழியே பெட்டியில் ஏற்றினோம். குடத்தின் ஓசையைச் சுருதி இறக்கிப் பார்த்தால் கோவில் மணி போல் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

முதல் வாரத்திலேயே ஒரு பிழை செய்தோம். அதை மறைப்பது நேர்மையாகாது.

ஒரு நாள் மதியம் ஒரு மணி இருக்கும். டி.வி.க்கு மாட்டும் பெரிய ஒலிபெருக்கியில் பெட்டியை இணைத்து, பெரிய முரசை மட்டும் முழு ஒலியில் ஒரு முறை அடிக்க விட்டோம். அடுப்படியில் இருந்த அம்மாச்சி கையில் இருந்த கரண்டியோடு தெருவுக்கு ஓடினார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "எந்த ஆபீசுடி? எந்தப் பக்கம்?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார் அம்மாச்சி. புகை எங்கே எழுகிறது என்று தேடினார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பகல் வேளையில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்து மக்கள் முதலில் நினைப்பது வேலைக்குப் போயிருக்கும் தம் வீட்டாரைத்தான். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பின்னும் ஆண்டு தவறாமல் ஏதேனும் ஓர் ஊரின் பெயர் செய்தித்தாளில் வருகிறது. அம்மாச்சியைத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டோம். அன்று முதல் ஹெட்போனில் தவிர வேறெதிலும் முரசை வாசிப்பதில்லை என்று எங்களுக்குள் சட்டம்.

அன்றிரவு நாங்கள் படித்துத் தெரிந்து கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் பிறந்த டீலியா டெர்பிஷயர் அவர். இரண்டாம் உலகப் போரில் 1940-இல் அந்நகரின் மேல் குண்டுமாரி பொழிந்தபோது அவர் மூன்று வயதுக் குழந்தை. விமானத் தாக்குதலை அறிவிக்கும் சங்கொலியும், ஆபத்து நீங்கியதைச் சொல்லும் சங்கொலியும் தம் மனத்தில் பதிந்ததாகவும், தம் இசைக்கு அவையே வித்து என்றும் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற அவர் ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டபோது, பெண்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னர் பி.பி.சி.யின் ஒலிப் பட்டறையில் சேர்ந்தார். 1963-இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்காக ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை, ஒலிநாடாவைத் துண்டு துண்டாகக் கத்தரித்து ஒட்டி, ஒரு வாத்தியக்காரரும் இல்லாமல் அவர் உருவாக்கிய விதம் இன்றும் பேசப்படுகிறது. அச்சத்தைக் கொடுத்த ஓசையைக் கையில் எடுத்து இசையாக்கிய அவரை எங்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அம்மாச்சி ஓடிய மதியத்தை நாங்கள் மறக்காமல் இருப்பதும் அதனால்தான்.

இனி, எங்களிடம் சொல்லப்பட்ட ஆட்சேபங்களுக்கு வருவோம்.

இது சங்கீதமே அல்ல, இயந்திரம் என்கிறார்கள். பாடகர் குழுவில் எங்களோடு பாடும் அக்கா ஒருவரே இதைச் சொன்னார். சொன்னவர் சாய்ந்து நின்றதோ ஆர்மோனியத்தின் மேல்! ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? 1842-இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் உரிமம் பெற்ற இயந்திரம் அது. நம் நாட்டு இசையின் குழைவும் கமகமும் அதில் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது. அன்று அந்நியம் என்று தள்ளப்பட்ட பெட்டி இன்று பஜனை மடத்திலும் தேவாலயத்திலும் பாரம்பரியமாக வீற்றிருக்கிறது. வயலின் கதையும் அப்படியே. நமக்கு அடுத்த மாவட்டத்து எட்டயபுரத்தில் சமஸ்தான வித்துவானாக விளங்கிய பாலுசாமி தீட்சிதர் (1786-1858), முத்துசாமி தீட்சிதரின் தம்பி, சென்னையில் ஐரோப்பியரிடம் கற்ற வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட, அதைத் தொடும் கைக்கு எது தெரியும் என்பதே முக்கியம் என்பது எங்கள் துணிபு.

அதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பம்பாய்த் திரைப்பட உலகில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், ரோலண்டின் டி.ஆர்.-808 தாள இயந்திரம், டி.பி.-303, ஜூபிடர்-8 என்ற மூன்று கருவிகளை வாங்கி வீட்டில் வைத்துப் பழகினார். பூபாலி (நம் மோகனம்), யமன் (கல்யாணி), மால்கௌன்ஸ் (இந்தோளம்) உட்படப் பத்து ராகங்களை அவற்றில் வாசித்து, 1982-இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டாகக் கொடுத்தார். டி.பி.-303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்ல ஒரு வசதி உண்டு. கிதார் வாசிப்பவருக்குப் பக்கவாத்தியமாக இருக்கட்டும் என்று ஜப்பானியர் வைத்த அந்த வழுக்கலில் அவர் ராகத்தின் சாயலைக் கண்டார். இசைத்தட்டு விற்கவில்லை, எல்லாரும் மறந்தும் போனார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள், விலைபோகாமல் பழைய சாமான் கடைக்கு வந்த அதே 303-ஐக் கொண்டு ஒரு புது இசையைத் தொடங்கி, 1987-இல் இசைத்தட்டு வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார்கள். சரண்ஜித் சிங் அவர்களுக்கு ஐந்தாண்டு முந்தியவர் என்பது 2010-இல் அவருடைய இசைத்தட்டு மறுபதிப்பு வந்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. முதுமையில் ஐரோப்பா சென்று வாசித்துவிட்டு 2015-இல் மறைந்தார்.

இவ்வளவு சொன்னாலும், ஓர் ஆட்சேபத்துக்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. நையாண்டி மேளக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார், நாலு தட்டுத் தட்டினார், சிரித்தார். பிறகு, "இது சாப்பாடு கேக்காது, பஸ் செலவு கேக்காது. எங்களுக்குத்தான் இனி பொழப்பு இருக்காது" என்றார். உண்மைதானே? 1980-களிலிருந்து தாள இயந்திரமும் சிந்தசைசரும் வந்தபின் கோடம்பாக்கத்து இசைக்கூடங்களில் வாத்தியக்காரர் எண்ணிக்கை குறைந்தது எல்லாரும் அறிந்தது. எங்கள் ஊர்க் கொடைகளிலும் மேளம் இருந்த இடத்தில் இப்போது மைக் செட்டே முழங்குகிறது. பெட்டி வேண்டும் என்று கேட்கும் நாங்கள் இதைப் பார்க்காததுபோல் கடந்துவிடக் கூடாது. அவருடைய தவில் ஓசையைப் பதிந்து பெட்டியில் போட எங்களுக்கு ஆசைதான். ஆனால் ஒரு முறை பதிந்துவிட்டால் ஆயிரம் முறை அவர் இல்லாமலேயே ஒலிக்கும். அதனால் இதுவரை பதியவில்லை. பதிந்தால் அவருக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரையும் சேர்த்துத்தான் பதிவது என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவும் போதுமா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

ஆனால் நம் பள்ளியைப் பொறுத்தவரை ஒன்றைத் துணிந்து சொல்வோம். இயந்திர இசை வரலாமா கூடாதா என்று நாம் இப்போது யோசிப்பது, மாடு உள்ளே வந்தபின் கொட்டகைக்குக் கதவு வைக்கலாமா என்று கேட்பது போன்றது. சென்ற ஆண்டுவிழாவில் எட்டு நடனங்கள். எட்டும் செல்போனில் இறக்கிய பாட்டுக்கு ஆடியவை. பாட்டுப் போட்டியில் பின்னணி இசை மட்டும் ஓட, அதன் மேல் பாடினோம். திருவிழாவில் கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்தியதும், யாரோ எங்கேயோ போட்டு வைத்த தாளம் தானாக ஓடியது. இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. யாரோ ஓர் ஆண்மகன் சென்னையிலோ பம்பாயிலோ உட்கார்ந்து அடுக்கியதை நாம் பொத்தானை அழுத்திக் கேட்கிறோம், ஆடுகிறோம், அதற்குமேல் பாடுகிறோம். அடுக்கும் வேலை மட்டும் நமக்கு வரவே இல்லை. பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தப் பெட்டி என்று கேட்டவர்களுக்கு எங்கள் விடை இதுதான்: அடுக்குவதற்கு.

அடுக்குவது என்ற சொல் எங்களுடையது அன்று. எங்களில் ஒருத்தியின் அம்மா சொன்னது.

கும்மிப் பாட்டின் தாளத்தைப் பெட்டியில் வைக்க மூன்று நாட்களாகப் போராடிக் கொண்டிருந்தோம். எப்படி வைத்தாலும் கும்மி நொண்டியது. 16 கட்டம் என்பது நான்கு நான்காகப் பிரியும் சதுஸ்ர நடைக்குப் பொருந்தும். எங்கள் பக்கத்துக் கும்மியோ மூன்று மூன்றாக நடப்பது, திஸ்ரம். இது புரியாமல் நாங்கள் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திக் கொண்டிருக்கும்போது, பூ கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் விளக்கு ஓடுவதையே பார்த்தார். "மூணு மூணா தட்டுனா கும்மி. நீங்க நாலு நாலா தட்டுறீக. நாலு கட்டம் கூட இருக்கே, அத எடுத்துருங்க" என்றார். வரிசையின் கடைசிக் கட்டத்தை 12 என்று குறைக்கப் பெட்டியில் வழி இருந்தது. குறைத்தோம். 1, 4, 7, 10-இல் தட்டு வைத்தோம். கும்மி எழுந்து நடந்தது!

அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிறகு தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனார். குச்சிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், சட்டத்தின் காடிகளில் சம இடைவெளியில் அடுக்குவதுதான் கட்டை அடுக்குதல். இடைவெளி பிசகினால் மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிக் கொள்ளும். அந்தக் கட்டை கூலிக் கணக்கில் சேராது. பத்து வயதில் அவர் விரல்கள் அதைப் பழகின. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்திருந்தது. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் இந்தப் பகுதிச் சிறுவர் சிறுமியரை உலகுக்குக் காட்டியது. இருந்தும் அம்மா பள்ளிக்குத் திரும்பவில்லை. அவர் அன்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "இதுவும் கட்டை அடுக்குறதுதானடி. எடம் விட்டு வைக்கத் தெரியணும். அவ்வளவுதான்." இசைப் புத்தகங்களில் நாங்கள் தேடியும் கிடைக்காத விளக்கம் அது. விட்ட இடம்தான் தாளம். எல்லாப் பொத்தானையும் அழுத்தி வைத்தால் வெறும் இரைச்சல்தான் வரும்.

அதன் பிறகு அவர் எங்களோடு பல இரவுகள் உட்கார்ந்தார். எங்களைவிட வேகமாக அடுக்கினார்.

இரவு என்று சொன்னதும் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அதையும் பேசிவிடுவோம். இன்னிசைக் குழுவில் ஒரு பையன் டிரம்ஸ் வாசிக்கப் போனால் இரவு இரண்டு மணிக்கு வேனில் வீடு திரும்புவான். வீட்டில் சோறு எடுத்து வைத்திருப்பார்கள். நாங்கள் போக முடியுமா? போகவிடாததற்காக நாங்கள் பெற்றோரைக் குறை சொல்லவில்லை. உலகம் அப்படி இருக்கிறது. டிரம்ஸ் வாங்கி ஓட்டு வீட்டின் ஒற்றை அறையில் வைக்கவும் முடியாது. ஆனால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பி தூங்க, அப்பா தூங்க, ஒருவரையும் எழுப்பாமல் ஒரு முழுப் பாட்டை ஒரு பெண் ஆக்க முடியும் என்றால், வீட்டை விட்டு இறங்க முடியாதவளுக்கும் வாசல் திறக்கிறது. (காதுக்குக் கேடில்லையா என்று அறிவியல் டீச்சர் கேட்பார்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, சிறுவருக்கு 75. நாங்கள் இன்னும் குறைத்தே வைக்கிறோம்.)

வீட்டில் இசை பிறப்பது புதிதும் அன்று. ஏ.ஆர். ரகுமான் 1989-இல் சென்னையில் தம் வீட்டு வளாகத்திலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் வந்த 'ரோஜா'வின் இசை அங்கே உருவானது. தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபோது ரகுமான் சிறுவர். தாயார் கரீமா பேகம் கணவரின் இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தியதையும், பின்னர் மகன் ஒலிப்பதிவுக் கருவி வாங்கத் தம் நகைகளைக் கொடுத்ததையும் ரகுமான் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை மேடைகளில் கேட்டுக் கை தட்டுகிறோம். எங்களுக்குள் ஒரு கேள்வி மட்டும் எழுகிறது: அந்த இடத்தில் மகனுக்குப் பதில் மகள் நின்று கேட்டிருந்தால், எத்தனை வீடுகளில் நகை கழுத்திலிருந்து இறங்கியிருக்கும்?

பெண்களுக்கு இது வராது என்பாருக்கு இன்னொரு பெயரையும் சொல்கிறோம். ஆமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய், பெண்கள் தொடாத பக்கவாஜ் முழவைக் கற்றவர். 1946-இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளருக்கு நம் நாட்டு இசையைக் கற்பித்தவர். 1969-இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் தொடங்கப்பட்டபோது, அதில் அமர்ந்து இசை ஆக்கிய சிலரில் அவரும் ஒருவர். அங்கே பதிந்த நாடாக்கள் பல ஆண்டு அலமாரியில் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. தமிழ்ப் படங்களில் கணினி இசைக்காகப் பேசப்பட்ட 'புன்னகை மன்னன்' வந்தது 1986-இல். அதற்கும் 17 ஆண்டுகளுக்கு முன்னரே, நம் நாட்டில் ஒரு பெண் மின்னணு இசை செய்திருக்கிறார். பாடப் புத்தகம் எதிலும் நாங்கள் அவரைக் கண்டதில்லை.

பணம் எங்கே என்பதுதான் கடைசிக் கேள்வி. நியாயமான கேள்வியும் இதுதான். எங்கள் அண்ணனின் பெட்டி ஒரு நல்ல செல்போனின் விலை. பட்டாசு ஆபீசில் ஒருவர் மாதக் கணக்கில் உழைத்தால்தான் அவ்வளவு பணம் தேறும். கால்குலேட்டர் அளவில், இரண்டு சிறு பேட்டரியில் ஓடும் மலிவான கருவிகளும் உள்ளன. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 2015 முதல் அவற்றைச் செய்து வருகிறது. பேண்ட்லேப் என்ற செயலியைச் செல்போனில் இலவசமாகவே இறக்கிப் பழகலாம். பிறகு பெட்டி எதற்கு என்பீர்கள். எங்கள் நால்வர் வீட்டிலும் நல்ல செல்போன் ஒன்றுதான். அது அப்பாவோடோ அண்ணனோடோ வெளியே போய்விடும். வீட்டுக்கு வந்தாலும் அழைப்பு வரும், செய்தி வரும், "இன்னும் போன நோண்டிக்கிட்டா இருக்க?" என்ற சத்தமும் வரும். பெட்டிக்கு அழைப்பு வராது, படம் ஓடாது. இசையைத் தவிர வேறு எதுவும் அதில் செய்ய முடியாது என்பதே அதன் பெருமை.

ஆகவே தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் நாங்கள் பணிவுடன் கேட்பது: பள்ளி இரண்டு பெட்டிகள் வாங்கட்டும். நூலகப் புத்தகம் போல வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டு எடுத்துப்போய்த் திங்கட்கிழமை திருப்பித் தர ஏற்பாடு இருக்கட்டும். ஹெட்போன் கட்டாயம், ஒரே பெட்டியில் இரண்டு ஹெட்போன் மாட்ட ஒரு சிறு இணைப்பும் வேண்டும், ஏனெனில் தனியே செய்வதைவிட இருவராகச் செய்யும்போதே இது இனிக்கிறது. ஆண்டுவிழாவில் இறக்கிய பாட்டுக்கு ஆடும் எட்டு நடனங்களில் ஒன்றேனும் மாணவியர் தாமே அடுக்கிய இசைக்கு ஆடுவதாக இருக்கட்டும். திருப்பலிப் பாடல்களில் இதைப் புகுத்த வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கே ஆர்மோனியத்தோடு பாடுவதே எங்களுக்கும் பிடிக்கும். விடுமுறைக்கு முன் பாட்டு டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "எழுதிக் கொடுங்க, பாக்கலாம்" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் இசையைப் பற்றிச் சொல்லவில்லையே என்று தோழியர் கேட்பீர்கள். மூன்றரை நிமிடம் வந்திருக்கிறது. கும்மித் தாளத்தில் தொடங்கி, குடத்து மணி நுழைந்து, மோகனத்தில் ஒரு சிறு மெட்டு, அதன் கீழே தீப்பெட்டிக் குலுக்கல். நடுவில் ஓர் இடத்தில் எல்லாம் நின்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். பெரிய முரசை மிக மெல்ல வைத்திருக்கிறோம். அம்மாச்சிக்கு ஹெட்போன் மாட்டிக் கேட்க வைத்தோம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

ஜூன் முதல் வாரத்தில் அண்ணன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். பேட்டரி நான்கும் எங்கள் வீட்டுக் கடிகாரங்களில் இருக்கின்றன. பூ கட்டும்போது அம்மாவின் விரல் நாரின் மேல் மூன்று மூன்றாகத் தட்டுகிறது. போன வாரம் பேருந்துக்குப் புறப்படும் நேரத்தில் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "ஏட்டி, அந்தப் பெட்டிய மறுபடி எப்ப கொண்டாருவான் அவன்?"

— பதினோராம் வகுப்பு மாணவியர் நால்வர், ஆனைக்குட்டம்